மறுக்கவியலாக் குரல்: செயற்கைப் பாடற்குரலும் ஆர்வலரின் அறமும்

கணினியைப் பாடவைக்கும் மென்பொருள்கள் இன்று இசைக்கூடங்களில் மட்டுமன்றி வீட்டு அறைகளிலும் இயங்குகின்றன. இசையைத் தொழிலாகக் கொள்ளாத மாணவரும் அலுவலரும் ஓய்வு நேரங்களில் சொற்களையும் சுரங்களையும் திரையில் எழுதி, தாம் நேரில் கண்டிராத ஒருவரின் குரலில் புதியதொரு பாடலை உருவாக்கிக் கேட்கின்றனர். ஜப்பானில் வேர்கொண்ட இப்பழக்கம் இன்று பல நாடுகளிலும் பரவியுள்ளது. இது குறித்து எழும் வினாக்கள் பெரும்பாலும் ‘இஃது இசையாகுமா’ என்பதைச் சுற்றியே அமைகின்றன. அவ்வினா இக்கட்டுரைக்கு உரியதன்று. பிறர் குரலைக் கொண்டு அவர் பாடாத ஒன்றைப் பாடவைக்கும் ஆர்வலர், அக்குரலுக்கு உரியவர்பால் ஏதேனும் கடப்பாடு உடையவரா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினா. கடப்பாடு ஏதுமில்லை, அது விலைகொடுத்து வாங்கிய கருவி என்பாரும் உளர். அவர்தம் வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. ஆகவே அதிலிருந்தே தொடங்குவது முறையாகும்.

மிடறு கருவியாகுமா?

தமிழிசை மரபு தோற்கருவி, துளைக்கருவி, நரம்புக்கருவி முதலியவற்றோடு மிடற்றையும் ஒரு கருவியாக எண்ணியுள்ளது. தொல்காப்பியப் பிறப்பியலும் எழுத்தொலியை ஏறக்குறைய ஒரு கருவியின் இயக்கம் போன்றே விளக்குகிறது. உந்தியிலிருந்து எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகிய உறுப்புகளின் தொழிலால் வெவ்வேறு எழுத்தாகிறது என்பது அவ்வியலின் சாரம். இவ்விளக்கத்தில் பாடுபவர் இன்னார் என்பதற்கு இடமில்லை. எவர் மிடறாயினும் இயக்கம் ஒன்றே.

பாடும் கணினியின் தொடக்கமும் இத்தகையதே. 1961-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் கெல்லி, கரோல் லோக்பாம் ஆகியோர் கணினியைக் கொண்டு ‘டெய்சி பெல்’ என்னும் பழைய பாடலைப் பாடச் செய்தனர். மாக்ஸ் மேத்யூஸ் பின்னிசை அமைத்தார். அக்கணினிக்குள் எவருடைய குரலும் பதிந்து வைக்கப்பெறவில்லை. மிடறு முதல் இதழ் வரையுள்ள பாதையை விட்டம் மாறும் குழாயாகக் கணித்து, அதனூடே காற்றலை செல்லும் விதத்தை எண்களால் கண்டு ஒலியை வருவித்தனர். பிறப்பியலின் நோக்கு எண்வடிவம் பெற்றது போன்றது இது எனலாம். அவ்வொலி கரகரப்பானது, ஆயினும் யாருக்கும் கடன்படாதது.

இன்றைய ஆர்வலர் கையாளும் மென்பொருள் பிறிதொரு வழியில் வந்தது. யமஹா நிறுவனமும் பார்சிலோனாவின் பொம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகமும் இணைந்து ஆராய்ந்து, 2003-இல் அறிவிக்கப்பெற்ற வோக்கலாய்டு, ஒரு மனிதரை ஒலிப்பதிவு அறையில் அமர்த்தி ஒலித்துணுக்குகளைப் பதிந்துகொள்கிறது. தனித்தனி ஒலிகள் மட்டுமல்ல. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நா நகரும் இடைநிலையும் பதியப்படும். பின்னர்ப் பயன்படுத்துவோர் எழுதும் சொல்லுக்கும் சுரத்துக்கும் ஏற்ப அத்துணுக்குகள் உயர்த்தியும் தாழ்த்தியும் நீட்டியும் ஒட்டப்படுகின்றன. அண்மைக் காலத்தில் ஒட்டும் முறைக்கு மாற்றாக, பதிவுகளிலிருந்து குரலின் இயல்பைக் கணினியே கற்கும் முறை மேலோங்கியுள்ளது. எம்முறையாயினும் மூலத்தில் ஒருவர் வாய்திறந்து ஒலித்திருக்கிறார். கெல்லியின் குழாயில் இல்லாத அந்த ஒருவரே இக்கட்டுரையின் பொருள்.

இங்குக் கருவிவாதத்தைச் சந்திக்கலாம். வீணைக்கு மரம் தந்தவரிடம் எந்தப் பாட்டு வாசிப்பது என்று எவரும் கேட்பதில்லை. குரல் தந்தவர் ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டு ஊதியமும் பெற்றுவிட்டார். இனி அது கருவியே என்பது அவ்வாதம். இதன் முதற்பகுதி உவமையால் வந்த மயக்கம். மரம் மறுக்கவல்லதன்று, மிடறு மறுக்கவல்லது. நீர்மையும் வண்ணமும் குரலுக்கு இருப்பதுபோல், பாடவியலாது என்று நின்றுவிடும் உரிமையும் அதன் இயல்புகளுள் ஒன்றாகும். தமிழ் இலக்கணம் இதனை நுட்பமாகக் காட்டுகிறது. ‘பாடேன்’ என்னும் எதிர்மறை வினைமுற்றில் காலங்காட்டும் உறுப்பு ஏதுமின்றி வினையடியும் தன்மை விகுதியும் நேரே இணைகின்றன. செயல் எந்தக் காலத்தும் நிகழாது, ஆனால் மறுக்கும் ‘யான்’ மட்டும் சொல்லின் இறுதியில் நிற்கிறது. மென்பொருளிடம் ‘பாடேன்’ என எழுதிக் கொடுத்தால் அது இனிமையாகப் பாடிவிடும். அவ்வொலியில் எல்லா எழுத்தும் உள, மறுப்பு மட்டும் இல்லை.

இரவல் குரல்

குரல் ஒருவருடையதாகவும் வாயசைப்பு மற்றொருவருடையதாகவும் இருப்பது தமிழர்க்குப் புதிதன்று. 1938-இல் வெளிவந்த நந்தகுமார் திரைப்படத்தில் நடிகை ஒருவர்க்கு லலிதா வெங்கட்ராமனின் குரல் பயன்படுத்தப்பெற்றது தமிழ்த் திரையில் பின்னணிக் குரலின் தொடக்கமாகக் குறிக்கப்பெறுகிறது. 1945-இல் ஸ்ரீவள்ளி படத்தில் நாயகி ருக்மணியின் பாடல்களுக்குப் பி. ஏ. பெரியநாயகியின் குரல் இணைக்கப்பெற்றது. ‘இரவல் குரல்’ என்னும் வழக்கும் இச்சூழலில் பிறந்ததே. இரவல் என்னும் சொல் பொருத்தமானது. இரவலாகத் தந்த பொருள் திரும்பவேண்டும், தந்தவர் எப்போதும் உரியவராகவே இருக்கிறார்.

எனினும் பின்னணிப் பாடகரின் இரவலுக்கும் மென்பொருளின் இரவலுக்கும் இடையே அடிப்படையான வேறுபாடு உண்டு. பெரியநாயகி ஒலிவாங்கியின் முன் நின்றபோது பாடவேண்டிய சொல் இன்னதென அறிந்திருந்தார். அச்சொல் பிடிக்கவில்லையெனில் வெளியேறலாம். சொற்கள் ஒவ்வாமையால் பாட மறுத்த பின்னணிப் பாடகர்களைத் திரையுலகம் கண்டதுண்டு. ஆகவே அங்கு இசைவு பாடல்தோறும் புதிதாகப் பெறப்படுகிறது. குரல்வங்கிக்கு ஒலி தருபவரோ பொருளற்ற அசைகளையே ஒலிக்கிறார். அவ்வசைகளால் நாளை எழப்போகும் வாக்கியங்களுக்கு முடிவில்லை. அறியாதவற்றுக்கெல்லாம் ஒரே நாளில் ஒருசேர இசைவு தருவது உண்மையில் இசைவுதானா என்பது ஐயத்திற்குரியது. ஒப்பந்தம் செல்லும், ஐயமில்லை. செல்லுவதெல்லாம் நிறைவுறுவதன்று.

இந்த ஐயம் குரல் தருவோர்க்கே முதலில் எழுந்தது. சப்போரோ நகரின் கிரிப்டன் ஃபியூச்சர் மீடியா நிறுவனம் புதிய குரல்களைத் தேடியபோது பாடகர் பலர் தம் குரலின் நகல் உலவும் என அஞ்சித் தயங்கினர். நிறுவனம் பின்னர் இயங்குபடங்களுக்குக் குரல்நடிப்புச் செய்யும் கலைஞர்களை நாடியது. பாத்திரங்களுக்குக் குரலீவதே அவர்தம் தொழில் அன்றோ? 2007 ஆகஸ்ட் 31-இல் வெளியான ஹட்சுனே மிக்கு என்னும் குரல் சக்கி ஃபுஜிட்டா என்னும் குரல்நடிகையின் ஒலிகளால் ஆனது. பெயரிடும் முறை மாறிவந்ததை இங்கு நோக்கவேண்டும். 2004-இல் வெளியான லியோன், லோலா ஆகிய குரல்களின் உரிமையாளர் பெயர் வெளியிடப்பெறவில்லை. அவ்வாண்டே வந்த மிரியம், மிரியம் ஸ்டாக்லி என்னும் பாடகியின் பெயரையே தாங்கியது. மெய்க்கோ என்னும் ஜப்பானியக் குரலும் அதைத் தந்த பாடகி மெய்க்கோ ஹைகோவின் இயற்பெயரைக் கொண்டது. மிக்குவிலோ குரலுக்குத் தனிப்பெயர், தனியுருவம். குரல் தந்தவரின் பெயரும் மறைக்கப்படவில்லை.

இதனை வணிக உத்தி என்று மட்டும் கொள்வது குறுகிய பார்வையாகும். முகமூடி அணிந்த கூத்தர் சொல்வதை அவர்தம் சொந்தக் கூற்றாக எவரும் கொள்வதில்லை. அதுபோல, மிக்கு பாடும் எச்சொல்லும் ஃபுஜிட்டாவின் கூற்றாகக் கேட்போர் செவியில் விழுவதில்லை. பாடலை ஆக்கிய ஆர்வலர் தம் புனைபெயரைக் குரலின் பெயரோடு சேர்த்து வெளியிடும் வழக்கமும் அங்கு நிலைபெற்றது. இன்று ஜப்பானின் முன்னணிப் பாடகராக விளங்கும் கென்ஷி யோனெசு 2009 முதல் ஹாச்சி என்னும் பெயரில் இவ்வாறு பாடல்கள் வெளியிட்டுத் தொடங்கியவரே. சொல்லுக்குப் பொறுப்பாளர் யார் என்ற வினாவுக்கு இவ்வேற்பாடு தெளிவான விடை தருகிறது. ‘பாடுவாயா’ என்ற வினா மட்டும் கேட்கப்படாமலே நிற்கிறது.

தனியறையில்

ஆர்வலரின் உழைப்பை அறியாதார் இதனை விளையாட்டென எண்ணக்கூடும். எழுதிக் கொடுத்தவுடன் வரும் பாட்டு உயிரற்றிருக்கும். ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்தையும் சற்றே தாழ்த்தி, இறுதியில் நடுக்கம் சேர்த்து, மூச்சு வாங்கும் இடம் குறித்து, ஒரு வரிக்கு ஒரு மாலைப்பொழுது செலவிடுவோர் உண்டு. தமிழில் முயல்வோர்க்கு இடர் இன்னும் மிகுதி. ஜப்பானியக் குரலில் ழகரம் இல்லை; லகர ரகர வேறுபாடும் இல்லை. தமிழுக்கெனவே குரல்வங்கி அமைக்கப் புகுந்தாலும் இருநூற்றுப் பதினாறு உயிர்மெய்களைப் பதிந்தால் போதும் என்று எண்ணுவது பிழை. ‘கடல்’, ‘அகம்’, ‘தங்கம்’ என்னும் மூன்றிலும் ககரம் மூன்று ஒலியாகிறது. ‘காடு’ என்பதன் இறுதி உகரம் அரைமாத்திரையளவே ஒலிக்கும். அதனை முழு உகரமாக ஒட்டினால் பாட்டு வேற்றுமொழி பேசுவோர் பாடியது போலாகிவிடும். குற்றியலுகரத்தை வகுப்பறையில் பலமுறை நடத்தியும் எனக்கு விளங்காத அதன் இன்றியமையாமை, ஓர் இளைஞன் கணினியோடு போராடியதைப் பார்த்தபோதே விளங்கிற்று. இவ்வாறு பல மாதங்கள் ஒரு குரலோடு வாழ்பவர் அதன் பழக்கங்களை, எந்த எழுத்தில் கரகரக்கும், எங்கு மெலியும் என்பதை, அக்குரலுக்கு உரியவரின் சுற்றத்தாரினும் நுண்மையாக அறிகிறார். நெருக்கம் உரிமையாகத் தோன்றத் தொடங்குவதும் இங்கேதான்.

2008-இல் ஜப்பானிய ஆர்வலர் ஒருவர் இலவசமாக வெளியிட்ட யுட்டாவ் என்னும் மென்பொருள் எவரும் தம் குரலைப் பதிந்து குரல்வங்கி அமைக்க வழிசெய்தது. அவ்வங்கிகளோடு பெரும்பாலும் ஒரு சிறு குறிப்புக் கோப்பும் இணைந்திருக்கும். இழிசொற்களுக்குப் பயன்படுத்தவேண்டா, விற்பனை செய்யவேண்டா, பயன்படுத்தினால் பெயர் சுட்டுக என்றவாறு குரல் தந்தவர் அதில் எழுதியிருப்பார். என் கருத்தில் இத்துறையில் மிகவும் கூர்ந்து நோக்கத்தக்க ஆவணம் இக்குறிப்பே. குரலிலிருந்து அகற்றப்பட்ட மறுப்பு, எழுத்தாகி அதன் அருகே வைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அக்கோப்பைத் திறவாமலே குரலைப் பாடவைக்க இயலும். முன்பு மிடற்றில் இருந்த மறுப்பு இப்போது பயன்படுத்துவோரின் நினைவில்தான் இருக்கமுடியும். அவர் நினையாவிடில் அது எங்கும் இல்லை.

வெளியிட்டால் அன்றோ தீங்கு, தன் அறையில் தான் மட்டும் கேட்பதில் யாருக்கு என்ன கேடு என்று வினவலாம். வணிக மென்பொருள்களின் உரிம ஒப்பந்தங்களும் பெரும்பாலும் வெளியிடுதலையும் பரப்புதலையுமே கட்டுப்படுத்துகின்றன. சட்டத்திற்கு அஃது இயல்பான எல்லை. அறம் அவ்வெல்லையில் நிற்கவேண்டுவதில்லை. ஒருவரின் கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துவிட்டு எவரிடமும் சொல்லாதிருப்பவர் தீங்கு ஏதும் செய்யவில்லை எனலாம். ஆயினும் அக்கடிதம் எழுதியவரை அவர் இனிப் பழையபடி எதிர்கொள்ள இயலாது. தனியறைப் பாடலும் அத்தகையது. கேடு நேர்வது குரலுக்கு உரியவர்க்கன்று. கேட்பவருக்கும் அவருக்கும் இடையேயுள்ள உறவுக்கு. உறவே இல்லாத தொலைநாட்டுக் குரல்நடிகையிடத்து இதன் எடை சிறிதென்பதை ஒப்புக்கொள்வேன். உறவு உள்ளவிடத்து அது பெரிதாகிறது.

இறந்தோர் குரல்

1989-இல் மறைந்த ஜப்பானியப் பாடகி ஹிபாரி மிசோராவின் குரல் 2019-இல் யமஹாவின் தொழில்நுட்பத்தால் மீட்கப்பெற்று, என்.எச்.கே. தொலைக்காட்சியின் ஆண்டிறுதி இசைநிகழ்ச்சியில் புதிய பாடலொன்றைப் பாடியது. குடும்பத்தார் உடன்பட்டனர், கண்ணீர் மல்கிக் கேட்டோர் பலர். ஆனால் அப்பாடலின் இடையே, கேட்போரை நோக்கி நெடுநாட்பிரிவுக்குப் பின் நலம் உசாவுவது போன்ற பேச்சுப் பகுதியும் இருந்தது. அச்சொற்கள் பாடலாசிரியருடையவை. இசைக்கலைஞர் தட்சுரோ யமாஷிட்டா 2020-இல் தம் வானொலி நிகழ்ச்சியில் இம்முயற்சியை அவமதிப்பு என்று கண்டித்தார். பாட்டினும் பேச்சே இங்கு மிகுதியாக உறுத்துகிறது என்பது என் கருத்து. பாடகர் பிறர் எழுதிய சொல்லைப் பாடுவது வழக்கம், நலம் உசாவுதலோ எவரும் தாமே செய்வது.

நம் நாட்டிலும் இவ்வினா வந்துவிட்டது. 2024-இல் வெளியான லால் சலாம் படத்தின் பாடலொன்றில், 1997-இல் மறைந்த சாகுல் ஹமீது, 2022-இல் மறைந்த பம்பா பாக்யா ஆகியோரின் குரல்களை ஏ. ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் பயன்படுத்தினார். குடும்பத்தாரின் இசைவு பெற்று ஊதியமும் தரப்பெற்றதாக அவரே அறிவித்தார். அதே ஆண்டில், தெலுங்குப் படமொன்றில் எஸ். பி. பாலசுப்பிரமணியத்தின் குரல் இசைவின்றி உருவாக்கப்பட்டதாகக் கூறி அவர் குடும்பத்தார் சட்ட அறிவிக்கை அனுப்பினர். வாழும் பாடகர் அரிஜித் சிங்கின் குரலைப் போலச் செய்தலுக்கு எதிராக மும்பை உயர்நீதிமன்றம் 2024 ஜூலையில் இடைக்காலப் பாதுகாப்பு வழங்கியது. குடும்பத்தாரின் இசைவு சொத்துக்குப் போதுமானது. மறுக்கும் உரிமை மரபுரிமையாக இறங்குமா என்பதில் எனக்குத் தெளிவில்லை. என் தாயின் நிலத்தை நான் விற்கலாம். அவர் சொல்லாத சொல்லை அவர் சொன்னதாக ஆக்கும் உரிமை எனக்கு எவ்வாறு வந்தது?

இவ்வினாவை நான் நூல்களிலிருந்து பெறவில்லை. நாட்டார் பாடல்களில் ஆய்வு மேற்கொண்டிருந்த காலத்தில் என் தாயிடம் ஒப்பாரி பாடுமாறு ஒலிப்பதிவுக் கருவியோடு சென்று கேட்டேன். ஊரில் எந்த இழவு வீட்டிலும் முன்னின்று பாடுபவர் அவர். ஆனால் சாவு நிகழாத வீட்டில் ஒப்பாரி பாடுவது ஆகாது என்பது அவர் உறுதி. ‘வெளக்கு வெச்ச நேரத்துல அதப் போயி பாடச் சொல்றியே, நான் மாட்டேன்ப்பா’ என்று சொல்லிவிட்டு, அதற்கு ஈடாக நாற்பது நிமிடம் தாலாட்டுப் பாடினார். மறுப்பும் தாலாட்டும் ஒரே ஒலிநாடாவில் உள்ளன. அவர் மறைந்து பல ஆண்டுகளாயின.

பெங்களூரில் பொறியியல் பயிலும் என் தமையன் மகன், மேலே குறிப்பிட்ட இளைஞன், அந்நாடாவைக் கணினிக்கோப்பாக மாற்றித் தந்தான். சில நாள் கழித்து, ‘சித்தப்பா, இதிலிருந்தே பாட்டிக்கு ஒரு குரல்வங்கி செய்துவிடலாம். நீங்கள் அப்போது கேட்ட ஒப்பாரியைக்கூடப் பாட்டி குரலிலேயே கேட்கலாம்’ என்றான். அவன் சொன்னதில் அன்பைத் தவிர வேறொன்றுமில்லை. ஒலிகள் போதுமா என்று கேட்டேன். தாலாட்டில் டேகார நெடில் தெளிவாக அமையவில்லை, ஆனால் தொடக்கத்தில் பாட்டி பேசும் இடத்தில் ஒன்று நன்றாகக் கிடைக்கிறது என்று ஒலிக்கச் செய்தான். அது ‘மாட்டேன்’ என்பதன் நடு எழுத்து.

செய்யவேண்டா என்றேன். அவன் காரணம் கேட்டான். உடனே விளக்க இயலவில்லை; இக்கட்டுரையில் எழுதியவற்றுள் பாதியேனும் அன்று நான் தடுமாறிச் சொன்னவை. அதன்பின் அவன் தன் குரலையே பதிந்து தமிழ்க் குரல்வங்கி ஒன்றை அமைத்து வருகிறான். ழகரம் மட்டும் இன்னும் சரிவரவில்லை என்கிறான். பாட்டியின் கோப்பு என்னிடம் உள்ளது. அதன் படி அவனிடமும் உள்ளது.